டிஎன்ஏ ஃபைலில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து: எதற்கு என்ன அர்த்தம்?

ஓர் உயிரியின் டிஎன்ஏ முழுவதற்கும் ஜீனோம் என்று பெயர். அதை எழுத்தாக எழுதிவைத்த ஜீனோம் ஃபைல் ஒன்றை முதன்முதலாகத் திறந்து பார்க்கும் யாருக்கும் ஒரு இடத்தில் கண் நின்றுவிடும். ஏ, சி, ஜி, டி என்று நான்கே எழுத்து, அவ்வளவுதான் நமக்குத் தெரிந்தது. ஆனால் கொஞ்ச தூரம் எல்லாம் கேப்பிட்டலில் ஓடும், திடீரென்று ஸ்மால் லெட்டருக்கு மாறும், ஐந்தாறு வரி அப்படியே போகும், மறுபடி கேப்பிட்டல் வந்துவிடும். ஏன் மாறியது என்று சொல்ல நடுவில் ஒரு குறிப்புகூட இருக்காது.

இதற்கு ஆளாளுக்கு ஒரு விளக்கம் வைத்திருக்கிறார்கள். பெரிய எழுத்து ஜீன், சின்ன எழுத்து குப்பை என்பார் ஒருவர். பள்ளியில் மெண்டல் படித்த நினைவில் பெரியது ஓங்கு பண்பு, சின்னது ஒடுங்கு பண்பு என்பார் இன்னொருவர். அம்மாவிடமிருந்து வந்தது, அப்பாவிடமிருந்து வந்தது என்று பிரிப்பவர்களும் உண்டு. சின்ன எழுத்து என்றால் டிஎன்ஏவைப் படிக்கும் மெஷின் சரியாகப் படிக்காத எழுத்து, அதை நம்பாதே என்றும் சிலர் சொல்வார்கள். கடைசியாகச் சொன்னது சில ஃபைல்களில் உண்மைதான். முதலில் சொன்னதில் ஒரு துளி உண்மை இருக்கிறது, ஆனால் அது தப்பான முடிவில் கொண்டுபோய் விடும் துளி. நடுவில் உள்ள இரண்டும் நாம் பேசப்போகும் ஜீனோம் ஃபைல்களைப் பொறுத்தவரை அடியோடு தப்பு.

## மூலக்கூறில் பெரிசு, சிறிசு கிடையாது

டிஎன்ஏ ஒரு நீளமான சங்கிலி. அதில் அடினைன், சைட்டோசின், குவானைன், தைமின் என்று நான்கு வகைக் காரங்கள் வரிசையாக நிற்கின்றன. ஒவ்வொரு பெயரின் முதல் ஆங்கில எழுத்தை எடுத்து ஏ, சி, ஜி, டி என்று எழுதுகிறோம். சங்கிலியில் எந்த இடத்தில் இருந்தாலும் அடினைன் அடினைன்தான். பெரிய ஏ என்று ஒரு அடினைன், சின்ன ஏ என்று இன்னொரு அடினைன் இயற்கையில் இல்லை.

தமிழ் எழுத்தில் பழகிய கண்ணுக்கு இங்கே ஒரு சிக்கல் வரலாம். நமக்குப் பெரிய க, சின்ன க என்று கிடையாது. உருவம் மாறினால் எழுத்தே மாறிவிட்டது என்றுதான் எடுத்துக்கொள்வோம்: பணி வேறு, பனி வேறு. அதே பழக்கத்தோடு பார்த்தால் ஃபைலில் எட்டு வகை எழுத்து இருப்பது போலத் தோன்றும். அதைவிட, ஒரு புத்தகத்தில் சில வரிகளை மட்டும் தடித்த எழுத்தில் அச்சடித்திருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். தடித்த க, சாதா க இரண்டும் ஒரே எழுத்து, வாய்விட்டுப் படித்தால் ஒரே சத்தம். தடித்திருப்பது ஏதோ ஒன்றைக் கவனிக்கச் சொல்லி அச்சிட்டவர் வைத்த அடையாளம்.

இது வெறும் உவமை இல்லை, கையோடு சோதித்துப் பார்க்கலாம். மனிதனின் ஒரே குரோமோசோமை மூன்று விதமாக இறக்கிப் பாருங்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் சாண்டா குரூஸ் வளாகம் நடத்தும், யூசிஎஸ்சி என்று சுருக்கமாக அழைக்கப்படும் தளத்திலிருந்து எடுத்தால் பெரியதும் சின்னதும் கலந்து வரும். அமெரிக்காவின் என்சிபிஐ தளத்தில் ஜென்பேங்க் வடிவத்தில் எடுத்தால் மொத்தமும் சின்ன எழுத்தில், பத்துப் பத்தாகப் பிரித்து, வரிக்கு அறுபதாக வரும். அதே தளத்தில் அதே வரிசையின் பக்கத்திலிருந்து ஃபாஸ்டா வடிவத்தில் எடுத்தால் மொத்தமும் பெரிய எழுத்து. ஒரே குரோமோசோம், மூன்று தோற்றம். எழுத்தின் அளவு உயிரியலில் இருந்து வந்திருந்தால் இப்படி ஆகவே முடியாது.

யூசிஎஸ்சி உருவாக்கிய 2பிட் என்ற ஃபைல் வடிவத்தைப் பார்த்தபோதுதான் எனக்கு இந்த விஷயம் முழுசாக விளங்கியது. பிட் என்பது கம்ப்யூட்டரில் 0 அல்லது 1 என்ற ஒரு இலக்கம். நான்கு எழுத்துகளில் எது என்று குறிக்க, எழுத்துக்கு இரண்டே இரண்டு பிட் போதும்: டி 00, சி 01, ஏ 10, ஜி 11. அதில் பெரிசா சிறிசா என்று எழுத இடமே இல்லை. அதனால் அந்தத் தகவல் தனியாக ஒரு பட்டியலில் வைக்கப்படுகிறது, இன்ன இடத்தில் தொடங்கி இத்தனை எழுத்துக்குச் சின்னதாகக் காட்டு என்று. வரிசை ஒரு பக்கம், அடையாளம் இன்னொரு பக்கம். சாதாரண ஃபைலில் நம் கண்ணில் படுவது இந்த இரண்டையும் ஒன்றாகக் கலந்து எழுதியதுதான்.

இதுவரை பார்த்தது இவ்வளவுதான்: எழுத்தின் அளவு டிஎன்ஏவில் இல்லை, அது ஃபைலைத் தயாரித்தவர் மேலே போட்ட அடையாளம். இனி, எதற்காகப் போட்டார் என்று பார்க்கலாம்.

## ஒரு துண்டுக் காகிதமும் தடிமனான நாவலும்

ஆயிரம் பக்க நாவலிலிருந்து ஒரு சின்னத் துண்டு கிழிந்து விழுந்திருக்கிறது. எந்தப் பக்கத்தில் இருந்தது என்று கண்டுபிடிக்க வேண்டும். துண்டில் "பச்சைப் பெட்டிக்குள் ஏழு சாவிகள்" என்று இருந்தால் வேலை சுலபம், புத்தகம் முழுக்க அது ஒரே ஒரு இடத்தில்தான் வரும். "என்று சொல்லிவிட்டு எழுந்தான்" என்று இருந்தால்? நாவல் முழுக்க யாராவது எதையாவது சொல்லிவிட்டு எழுந்துகொண்டேதான் இருப்பார்கள். துண்டில் உள்ளதைத் தெளிவாகப் படிக்க முடிகிறது, அர்த்தமும் புரிகிறது, ஆனால் இடத்தைக் கண்டுபிடிக்க அது உதவாது.

ஜீனோமிலும் இதே கதைதான், இன்னும் தீவிரமாக. மனித ஜீனோமில் ஒரு தொகுப்புக்குச் சுமார் 310 கோடி எழுத்துகள். அதில் ஏறக்குறைய பாதி, எங்கேயோ இருக்கும் வேறொரு துண்டின் நகல் அல்லது நகலின் நகல். இப்படித் திரும்பத் திரும்ப வரும் பகுதிக்கு ரிப்பீட் என்று பெயர். ஆலு என்ற ரிப்பீட் குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று சுமார் 300 எழுத்து நீளம்தான், ஆனால் மனித ஜீனோமில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட இடங்களில் உட்கார்ந்திருக்கிறது, மொத்த நீளத்தில் கிட்டத்தட்ட பத்தில் ஒரு பங்கு அதுதான். லைன்-1 என்ற இன்னொரு குடும்பம் சுமார் ஐந்து லட்சம் இடங்களில். முழு லைன்-1 ஏறத்தாழ 6,000 எழுத்து, ஆனால் பெரும்பாலானவை முழுசாக இல்லை, வெட்டுப்பட்ட மிச்சங்கள்.

இவை எப்படி இத்தனை பெருகின? ஜீனோமுக்குள் இடம் மாறக்கூடிய துண்டுகள் உண்டு என்று பார்பரா மெக்ளின்டாக் 1940களிலேயே மக்காச்சோளத்தில் கண்டுபிடித்தார், அதற்கு 1983இல் நோபல் பரிசு கிடைத்தது. ஆலுவும் லைன்-1உம் அந்தப் பெரிய வகையைச் சேர்ந்தவை, ஆனால் இருந்த இடத்தை விட்டுப் போகாமல் தன்னை நகல் எடுத்து, நகலை வேறு இடத்தில் கொண்டுபோய்ச் செருகும் ரகம். கோடிக்கணக்கான ஆண்டுகளாக இது நடந்திருக்கிறது. இது தவிர, ஒரு சின்னச் சொல்லையே நிறுத்தாமல் அடுத்தடுத்து எழுதியதுபோன்ற ரிப்பீட்டுகளும் உண்டு.

## சாஃப்ட் மாஸ்க், ஹார்ட் மாஸ்க்

ரிப்பீட்டுகளைக் கண்டுபிடிக்கத் தனி மென்பொருள்கள் இருக்கின்றன. ரிப்பீட்மாஸ்கர் என்பது தெரிந்த ரிப்பீட் குடும்பங்களின் நூலகம் ஒன்றை வைத்துக்கொண்டு, ஜீனோமில் எந்தெந்த இடம் அவற்றின் சாயலில் இருக்கிறது என்று தேடும். டான்டம் ரிப்பீட்ஸ் ஃபைண்டர் என்பது அடுத்தடுத்து வரும் சின்னச் சொற்களைத் தேடும். இவை கண்டுபிடித்த இடங்களில் அடையாளம் போடுவதற்குப் பெயர்தான் மாஸ்கிங், அதாவது மறைப்பு.

மறைப்பதில் இரண்டு வழி. எழுத்தை எடுத்துவிட்டு அந்த இடம் முழுக்க என் (N) என்ற ஆங்கில எழுத்தால் நிரப்புவது ஹார்ட் மாஸ்கிங். என் என்றால் நான்கில் எது வேண்டுமானாலும் இருக்கலாம் என்று பொருள், ஆக மூல எழுத்து போயே போய்விடும். எழுத்தை அப்படியே விட்டு, பெரியதைச் சின்னதாக மட்டும் மாற்றுவது சாஃப்ட் மாஸ்கிங். பக்கத்தைக் கறுப்பு மையால் அடிப்பதற்கும் ஓரமாகப் பென்சிலால் கோடு போடுவதற்கும் உள்ள வித்தியாசம் இது. பென்சில் கோடு வேண்டாம் என்றால் கண்டுகொள்ளாமல் படித்துக்கொண்டு போகலாம்.

ஒரு ஃபைலைப் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். 2013 டிசம்பரில் வெளியான மனித ஜீனோம் பதிப்பு, யூசிஎஸ்சியில் ஹெச்ஜி38 என்று பெயர், அதில் முதல் குரோமோசோமைத் திறந்து பாருங்கள். வரிக்கு 50 எழுத்து. முதல் 200 வரியும் என், என், என் என்றே போகும். ஃபைல் கெட்டுப்போயிருக்கிறது என்று பயந்து மூடிவிட வேண்டாம், அந்தப் பதிப்பில் முதல் 10,000 எழுத்துகளுக்கு இடம் மட்டும் ஒதுக்கியிருக்கிறார்கள். இங்கே என் வருவது வரிசை தெரியாததால், யாரும் மறைத்ததால் இல்லை. அதைத் தாண்டியதும் சின்ன எழுத்தில் டி ஏ ஏ சி சி சி, டி ஏ ஏ சி சி சி என்று ஒரே ஆறெழுத்து திரும்பத் திரும்ப வரும். அதுதான் டீலோமியர், குரோமோசோமின் முனையைக் காக்கும் தொப்பி. ஆறெழுத்துச் சொல் அடுத்தடுத்து வருவதால் ரிப்பீட், ரிப்பீட் என்பதால் சின்ன எழுத்து.

இன்னும் உள்ளே போனால் ஆலுக்களை அடிக்கடி சந்திப்பீர்கள். ஐந்தாறு வரி நீளத்துக்குச் சின்ன எழுத்தாகவே வந்து, ஒரு முனையில் வரிசையாகச் சின்ன ஏ ஏ ஏ ஏ என்று வால்போல இழுத்தால், அது ஆலுவாக இருக்க நிறைய வாய்ப்பு உண்டு. டிஎன்ஏ உண்மையில் ஜோடியாக நிற்கும் இரண்டு இழை, ஒன்றில் ஏ இருந்தால் எதிரே டி நிற்கும், ஃபைலில் எழுதுவது ஒரு இழையை மட்டும். அதனால் எதிர் இழையில் செருகப்பட்டிருந்தால் அதே வால் தொடக்கத்தில், சின்ன டி டி டி டி என்று தெரியும். கொஞ்சம் பழகிவிட்டால் இதை மென்பொருள் இல்லாமலே கண்ணால் பிடித்துவிடலாம், பிடிக்கும்போது வரும் சந்தோஷமே தனி.

சுருக்கமாக: பொதுத் தளங்களிலிருந்து இறக்கிய ஜீனோம் ஃபைலில் பெரியதும் சின்னதும் கலந்து இருந்தால், சின்னது ரிப்பீட், பெரியது ரிப்பீட் என்று அடையாளம் காணப்படாதது. பெரும்பாலும் இதுதான் பதில்.

## அடையாளத்தை யார் மதிக்கிறார்கள்

பென்சில் கோடு போட்டாயிற்று, அதைப் பார்த்து நடப்பது யார்? இங்கேதான் பலர் தடுமாறுகிறார்கள். எல்லா மென்பொருளும் ஒரே மாதிரி நடந்துகொள்வதில்லை.

பிளாஸ்ட் என்ற தேடும் மென்பொருளை எடுத்துக்கொள்வோம். உங்களிடம் உள்ள வரிசை ஒரு பெரிய தொகுப்பில் எங்கே பொருந்துகிறது என்று அது தேடும். முழுசாக ஒப்பிட்டால் நேரமாகும் என்பதால், முதலில் ஒரு குட்டித் துண்டு, உதாரணத்துக்கு 11 எழுத்து, அப்படியே பொருந்தும் இடங்களைப் பிடித்து, அங்கிருந்து இருபுறமும் நீட்டிப் பார்க்கும். அந்தக் குட்டித் துண்டுக்கு விதை என்று பெயர். சின்ன எழுத்தை மதிக்கச் சொல்லி அமைத்துவிட்டால், சின்ன எழுத்துப் பகுதியில் விதை போடாது. ஆனால் பெரிய எழுத்தில் போட்ட விதையிலிருந்து நீட்டிக்கொண்டு போகும்போது சின்ன எழுத்துக்குள்ளும் நுழைந்து ஒப்பிடும்படி வைக்கலாம். நாவல் உவமையில் சொன்னால், "என்று சொல்லிவிட்டு" என்பதை வைத்துத் தேடத் தொடங்காதே, ஆனால் பச்சைப் பெட்டி கிடைத்துவிட்டால் அதற்குப் பக்கத்தில் இருக்கும் "என்று சொல்லிவிட்டு" பொருந்துகிறதா என்றும் பார்த்துக்கொள். சாஃப்ட் மாஸ்கிங்கின் அழகே இதில்தான் இருக்கிறது. ஹார்ட் மாஸ்க் செய்த ஃபைலில் நீட்டிப் பார்க்க எழுத்தே மிச்சமிருக்காது. பிளாஸ்ட்டில் இந்த அமைப்பை நாமாகச் சொல்லித்தான் போட வேண்டும், தானாக வராது.

பிரைமர்3 என்ற மென்பொருள் இன்னொரு மாதிரி. பிரைமர் என்பது டிஎன்ஏவில் குறிப்பிட்ட இடத்தில் ஒட்டி, அங்கிருந்து நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் குட்டித் துண்டு. அது எந்த முனையிலிருந்து நீளுமோ அந்த முனையின் கடைசி எழுத்து சின்னதாக இருந்தால் அந்தப் பிரைமரே வேண்டாம் என்று ஒதுக்கும் வசதி அதில் உண்டு. இதையும் நாம் கேட்டால்தான் செய்யும்.

பிடபிள்யூஏ, பௌடை2 போன்ற, மெஷினிலிருந்து வரும் லட்சக்கணக்கான துண்டுகளை ஜீனோமில் பொருத்தும் மென்பொருள்கள் எழுத்தின் அளவைக் கண்டுகொள்வதே இல்லை. பெரிய ஏ, சின்ன ஏ இரண்டும் அவற்றுக்கு ஒன்றுதான். இந்த வேலைக்கு யாராவது ஹார்ட் மாஸ்க் செய்த ஃபைலை எடுத்துக்கொள்ளச் சொன்னால் கேட்காதீர்கள். ரிப்பீட்டிலிருந்து வந்த துண்டுக்கு உட்கார வேண்டிய சரியான இடத்தை நாம் அடைத்துவிட்டால், அது ஓரளவு ஒத்துப்போகும் தப்பான இடத்தில் போய் உட்காரும், பிறகு அங்கே இல்லாத மாற்றம் இருப்பதுபோலத் தெரியும்.

## சின்ன எழுத்து குப்பை இல்லை

இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது. "பெரியது ஜீன், சின்னது குப்பை" என்ற எண்ணம் அவ்வளவு பரவியிருக்கிறது. மனித ஜீனோமில் புரதம் செய்யச் சொல்லும் பகுதி ஒன்றிரண்டு சதவீதம்தான். பெரிய எழுத்தோ ஏறக்குறைய பாதி. அப்படியானால் பெரிய எழுத்தில் இருப்பவை எல்லாம் ஜீன் என்பது கணக்கிலேயே உதைக்கிறது. புரதத்துக்கான பகுதிகள் பெரும்பாலும் பெரிய எழுத்தில் இருக்கும் என்பது உண்மை, மேலே சொன்ன ஒரு துளி உண்மை அதுதான். திருப்பிப் போட்டால் பொய்யாகிவிடும்.

சின்ன எழுத்தில் முக்கியமானவை இருக்கின்றன. டீலோமியரை இப்போதுதான் பார்த்தோம், அது இல்லாமல் குரோமோசோம் நிலைக்காது. இன்னும் வியப்பான ஒன்று சின்சைட்டின்-1. கருவுக்கு ஊட்டம் தரும் நஞ்சுக்கொடியில் செல்கள் ஒன்றோடொன்று இணைய உதவும் புரதம் இது. இதற்கான ஜீன் நம் முன்னோர்களின் ஜீனோமுக்குள் எப்போதோ நுழைந்த ஒரு ரெட்ரோவைரஸின் எச்சம். அந்த வைரஸ் குடும்பத்தை ரிப்பீட்மாஸ்கர் ரிப்பீட் என்றுதான் அடையாளம் காணும். குப்பை என்று சின்ன எழுத்தையெல்லாம் கழித்துக்கட்டினால் இதுவும் சேர்ந்து போகும்.

மறந்துவிடக்கூடாத இன்னொன்று, ரிப்பீட் என்றால் எழுத்துக்கு எழுத்து அதே நகல் என்று அர்த்தமில்லை. பழைய ஆலுக்கள் காலப்போக்கில் அங்கங்கே எழுத்து மாறி ஒன்றுக்கொன்று வித்தியாசப்பட்டிருக்கின்றன. குடும்பச் சாயல் தெரியும், ஆனால் ஆள் வேறு. அதனால் சின்ன எழுத்துப் பகுதியிலும் ஜீனோமில் ஒரே ஒரு இடத்தில் மட்டும் வரும் துண்டுகள் நிறையக் கிடைக்கும்.

எதிர்ப்பக்கமும் உண்டு. ரிப்பீட்மாஸ்கருக்குத் தன் நூலகத்தில் இருப்பது மட்டும்தான் தெரியும். யாரும் அதிகம் ஆராயாத ஒரு பூச்சியின் ஜீனோமைப் பொருத்தமில்லாத நூலகத்தோடு ஓட்டினால் சின்ன எழுத்து கொஞ்சம்தான் வரும். அந்தப் பூச்சியில் ரிப்பீட்டே குறைவு என்று அதை வைத்து எழுதிவிட முடியாது, தேடத் தெரியவில்லை என்று மட்டும்தான் சொல்லலாம். ஒரே ஜீனோமை வேறு நூலகத்தோடு ஓட்டினால் பெரிய எழுத்தும் சின்ன எழுத்தும் வேறு மாதிரி விழும்.

## இதே வேஷம், வேறு அர்த்தம்

இதுவரை சொன்னது ஜீனோம் ஃபைல்களுக்கு. பெரியது சின்னது என்ற வசதி இலவசமாகக் கிடைப்பதால் ஆளாளுக்கு அதைத் தங்கள் தேவைக்குப் பயன்படுத்தியிருக்கிறார்கள்.

யூசிஎஸ்சி தளத்திலேயே ஒரு ஜீனின் வரிசையைத் தனியாகக் கேட்டால், எக்ஸான்களைப் பெரிய எழுத்திலும் மற்றதைச் சின்ன எழுத்திலும் தரச் சொல்லலாம். எக்ஸான் என்பது ஜீனின் நகலில் வெட்டுக்கு அப்புறமும் மிஞ்சும் பகுதி, வெட்டி எறியப்படும் நடுப்பகுதி இன்ட்ரான். "பெரியது ஜீன்" என்ற எண்ணம் பெரும்பாலும் இப்படிப்பட்ட ஃபைலைப் பார்த்தவர்களிடமிருந்துதான் கிளம்பியிருக்க வேண்டும் என்பது என் ஊகம். ஒரே தளம், ஒரே ஜீன், ஒரு பொத்தானை மாற்றினால் எழுத்தளவின் அர்த்தமே மாறிவிடுகிறது.

ஜீனோமின் ஒவ்வொரு இடத்திலும் பொருந்திய துண்டுகளில் என்ன எழுத்து இருக்கிறது என்று பட்டியலிடும், சாம்டூல்ஸ் மென்பொருளின் எம்பைல்அப் வெளியீட்டில் பெரிய எழுத்து முன்னோக்கிய இழையிலிருந்து வந்த மாற்றம், சின்ன எழுத்து எதிர் இழையிலிருந்து வந்த மாற்றம். அங்கே ரிப்பீட்டுக்கு வேலையே இல்லை. ஆயிரம் ஜீனோம் திட்டம் வெளியிட்ட மூதாதை வரிசை ஃபைல்களில், அதாவது முன்னோரிடம் எந்த எழுத்து இருந்திருக்கும் என்று கணித்து எழுதியவற்றில், பெரிய எழுத்து உறுதியாகச் சொல்லக்கூடியது, சின்ன எழுத்து உறுதி குறைவானது. டிஎன்ஏ வரிசையைப் படித்தெடுக்கும் பழைய மென்பொருள்கள் சிலவும் தரம் குறைந்த எழுத்தைச் சின்னதாகக் காட்டும், "நம்பாதே" என்ற எச்சரிக்கை அங்கிருந்து வந்தது. பிரைமர் பட்டியல்களில் ஒட்ட வேண்டிய பகுதியைப் பெரிதாகவும், நாமாகச் சேர்த்த வாலைச் சின்னதாகவும் எழுதுவார்கள், சில பேர் நேர் எதிராகவும் எழுதுவார்கள்.

ஆக, ஃபைல் எங்கிருந்து வந்தது என்று தெரியாமல் எழுத்தளவுக்கு அர்த்தம் சொல்ல முடியாது.

## கையில் உள்ள ஃபைலை என்ன செய்வது

முதலில் ஃபைலின் பெயரையும் அதோடு வந்த விளக்கக் குறிப்பையும் பாருங்கள். ஐரோப்பாவின் என்செம்பிள் தளத்தில் பெயரிலேயே சொல்லிவிடுவார்கள்: டிஎன்ஏ என்று மட்டும் இருந்தால் மறைப்பு இல்லை, எஸ்எம் சேர்ந்திருந்தால் சாஃப்ட் மாஸ்க், ஆர்எம் சேர்ந்திருந்தால் ஹார்ட் மாஸ்க். பெயரும் குறிப்பும் உதவாவிட்டால் அனுப்பியவரையே கேட்டுவிடுங்கள். ஊகிப்பதைவிட அது மேல்.

சொந்தமாகப் புரோகிராம் எழுதுபவர்களுக்கு ஒரு விஷயம். கம்ப்யூட்டருக்குப் பெரிய ஏ என்பது 65, சின்ன ஏ என்பது 97. நமக்குத்தான் அவை ஒன்று, அதற்கு இரண்டும் வெவ்வேறு எண். ஒரு குரோமோசோமில் ஜியும் சியும் சேர்ந்து எத்தனை சதவீதம் என்று எண்ண நான் முதலில் எழுதிய புரோகிராம் பெரிய எழுத்துகளை மட்டும் எண்ணியது, வகுத்ததோ மொத்த நீளத்தால். மனித ஜீனோமில் அது சுமார் 41 சதவீதம் வர வேண்டும், எனக்கு வந்தது கிட்டத்தட்ட அதில் பாதி. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, புரோகிராம் சமர்த்தாக ஓடி முடிந்தது. விடை இவ்வளவு தள்ளிப் போனதால் கண்ணில் பட்டது. ஒன்றிரண்டு சதவீதம் மட்டும் தள்ளியிருந்தால் அப்படியே ஏற்றுக்கொண்டிருப்பேன்.

எண்ணுவதற்கு முன் எல்லாவற்றையும் பெரிய எழுத்தாக மாற்றிக்கொண்டால் இந்தத் தொல்லை தீரும், ஒரே ஒரு வரிக் கட்டளைதான். ஆனால் அதை நினைவகத்தில் உள்ள நகலில் செய்யுங்கள், மூல ஃபைலின் மேலேயே எழுதிவிடாதீர்கள். பெரியதாக மாற்றியது மாற்றியதுதான், எது சின்னதாக இருந்தது என்று அந்த ஃபைலைப் பார்த்து இனி யாராலும் சொல்ல முடியாது. மறுபடி வேண்டுமென்றால் மறுபடி இறக்க வேண்டும், இல்லையேல் ரிப்பீட்மாஸ்கரை முதலிலிருந்து ஓட்ட வேண்டும், முழு ஜீனோமுக்கு அது நிமிஷத்தில் முடிகிற வேலை இல்லை.